பம்பரம் ஒட்டச் சொன்ன கவர்

பத்துப் பேர் நடுவில் ஒரு மனுஷனை நிற்க வைத்து, "இவருக்கு இதுல ஒரு எழுத்துகூடப் புரியாது" என்று சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும்? மெக்கானிக்குக்கு எட்டு வருஷமாக அப்படித்தான் இருக்கிறது. சொன்னவள் வேற்றாள் இல்லை, வீட்டுக்காரியின் கூடப் பிறந்த தங்கை. சொன்ன இடம், அவர் தன் கையால் ஏசி மாட்டிய அறை. சொன்னவள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. மனத்தாங்கல் மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

நடந்தது இதுதான். அவர் வேலை பார்க்கிற கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வானத்தை ஆராய்கிற கூட்டம் ஒன்று உண்டு. அவளும் அதில் ஒருத்தி. ஒரு நாள் காலையில் அவரை மேலே வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். ஏசி தண்ணீர் சொட்டுகிறது போல என்று ஸ்பேனரும் கையுமாகப் போனார். ஏசி ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்குத் தலைவரான தாடிக்காரர் பிரிண்டரைக் காட்டினார்.

"அதுல ஒரு பேப்பர் கவுந்து கிடக்கு. பாக்காம மடிச்சு இந்தக் கவர்ல போட்டு ஒட்டிக் குடுங்க."

"ஏன், உங்க யாருக்கும் கை இல்லையா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தாள். "நாங்க யாரும் அதைப் பாக்கக் கூடாது அத்தான். வெளியாள் ஒருத்தர்கிட்ட பத்திரமா இருக்கணும்" என்றாள்.

"இவர் பாத்துட்டா?" என்று மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

அவள் நடையை நிறுத்தவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாத்தா என்ன? அத்தானுக்கு இதுல ஒரு எழுத்துகூடப் புரியாது."

மறுபடியும் சிரிப்பு. மெக்கானிக் கவரை நாக்கால் நனைத்து ஒட்டினார். அந்தப் பசையின் கசப்பு இன்றைக்கும் அவர் வாயில் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவர்தான், அதை அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். ஆனால் நம் குறையை நாம் சொல்வது வேறு, அடுத்தவர் எடுத்துச் சொல்வது வேறு.

அவளுக்கு வீட்டில் பம்பரம் என்று பேர். அக்காக்காரி சின்ன வயதில் வைத்தது, நரைத்த பிறகும் நின்றது. கீழே மெக்கானிக்கும் வீட்டுக்காரியும், மாடியில் ஒற்றை அறையில் அவள். கட்டிலிலிருந்து ஜன்னல் வரை பதினொரு எட்டு. அந்தப் பதினொரு எட்டில் தரைப் பெயின்ட் தேய்ந்து சிமெண்ட் தெரியும். எப்போதும் இடது பக்கமாகவே திரும்புவாளாம், அதனால் செருப்பில் இடது குதிகால்தான் முதலில் தேயும். வலதுகால் செருப்புகள் மட்டும் புதுசு போலக் கட்டிலுக்கடியில் வரிசையாகக் கிடக்கும். சாப்பாடும் நின்றபடிதான்.

"உக்காந்து சாப்பிடேண்டி. தட்டு என்ன ஓடியா போகுது?" என்பாள் அக்கா.

"உக்காந்தா யோசனையும் கூடவே உக்காந்துடுதுக்கா."

"உனக்கு ஒருத்தனைக் கட்டி வச்சிருக்கணும். அப்ப தெரியும்."

"எவன் கூடவே நடப்பான்? பாவம், கால் வலிக்கும்."

மெக்கானிக்குக் கீழ்த்தளத்தில் வேலை. கட்டடத்தில் ஒரு பெரிய கூடம் நிறையக் கணக்குப் போடுகிற கம்ப்யூட்டர்கள் அலமாரி அலமாரியாக நிற்கும். அவை சூடாகி அணைந்துவிடாமல் குளிர்ந்த தண்ணீர் அனுப்புகிற சில்லர்கள் அவர் பொறுப்பு. அவள் ஒரு பெரிய கணக்கைத் தொடங்கினால் அவருக்குக் கீழே இருந்தே தெரிந்துவிடும். தண்ணீரின் சூடு ஒன்றரை டிகிரி ஏறும், கம்ப்ரஸர் மூச்சு வாங்கும். "உன் கணக்கு ஓடுனா என் மெஷினுக்கு இளைப்பு வருது. கொஞ்சம் மெதுவாத்தான் போடேன்" என்று திட்டுவார்.

அங்கேதான், சில்லர் இரைச்சலுக்கு நடுவில், அவள் தேடுவது என்ன என்று ஒரு நாள் கேட்டார். கவர் விஷயத்துக்கு முந்தின காலம் அது, மனத்தில் கோபம் எதுவும் இல்லை. அவள் அவருடைய வேலைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே நடந்துகொண்டிருந்தாள்.

"கசிவு இல்லைன்னு எழுதியிருக்கீங்களே, எப்படித் தெரியும்?"

"சோப்புத் தண்ணி தடவுனேன். குமிழி வரல. கேஸ் கசியல."

"அப்படின்னா சோப்புத் தண்ணிக்குத் தெரியுற அளவுக்குக் கசிவு இல்லை. அதுக்குக் கீழ இருக்கலாம்ல?"

"இருக்கலாம், இருக்கலாம். உங்க வீட்டுல எல்லாருக்கும் இதே வேலை" என்று எரிந்து விழுந்தார்.

"என் வேலையே அதுதான் அத்தான்" என்றாள். பிறகு சொன்னாள். ஆதியில் எல்லாம் ஒரே சூடும் நெரிசலுமாக இருந்தது. அன்றைக்குக் கிளம்பிய ஒளி இன்னும் வானம் பூராவும் இருக்கிறது, ரொம்ப ஆறிப்போய். கண்ணுக்குத் தெரியாது, அதற்கென்று கட்டிய தொலைநோக்கிக்குத் தெரியும். அந்த ஒளியில் சின்னச் சின்ன நெளிவுகள் உண்டு. எடையே இல்லாத மாதிரி ஓடுகிற துகளில் மூன்று வகை நமக்கு ஏற்கெனவே தெரியும். நாலாவதாக, யாரும் இதுவரை பார்க்காத லேசான துகள் ஒன்று அன்றைக்குக் கூட்டத்தில் இருந்திருந்தால், சூட்டில் அதுவும் ஒரு பங்கை வாங்கியிருக்கும். உலகம் இன்னும் கொஞ்சம் வேகமாக விரிந்திருக்கும். ரொம்பப் பொடியான நெளிவுகள் இன்னும் கொஞ்சம் மழுங்கியிருக்கும்.

"அப்ப அந்தத் துகளை நீ பாக்கப் போறதில்ல. மழுங்கியிருக்கான்னுதான் பாக்கப் போற."

"ஆமா."

"குளிர் ரூம் கதவைத் திறக்காமலே, கம்ப்ரஸர் எவ்வளவு நேரம் ஓடுதுன்னு பாத்து, உள்ள எவனோ கூடுதலா ஒரு பெட்டி வச்சுட்டான்னு நான் சொல்றேனே, அந்த மாதிரி."

அவள் ஒரு நொடி நடை தடுமாறினாள். "கிட்டத்தட்ட" என்றாள்.

"கணக்குல இல்லாத பெட்டி இல்லைன்னா?"

"இல்லைன்னு சொல்ல முடியாது அத்தான். இருந்தா, இவ்வளவுக்கு மேல இருக்க முடியாதுன்னு சொல்லலாம். நல்லா அளந்தா அந்த இவ்வளவு இன்னும் சின்னதாகும்."

"இருபது வருஷம் படிச்சு இதுதான் சொல்லப் போறியா? எங்க சூப்பர்வைசரும் இதைத்தான் சொல்றான். லீவு எப்பய்யா குடுப்பேன்னு கேட்டா, குடுத்தா இந்த வருஷத்துக்குள்ளன்னு."

அவள் சிரித்த சிரிப்பில் பதிவேடு கையிலிருந்து விழுந்தது. அடுத்த மாதமே அந்தச் சில்லரில் கேஸ் குறைந்தது. அன்றிலிருந்து மெக்கானிக், 'தெரிகிற அளவில் கசிவு இல்லை' என்றுதான் எழுதுகிறார். சூப்பர்வைசர் இரண்டு முறை சிவப்பு மையில் அடித்தும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

இனி கவர் எதற்கு என்று சொல்ல வேண்டும். ஒளியின் நெளிவுகளை வைத்து, அந்த மாதிரித் துகள் எத்தனை வகை என்று ஓர் எண்ணாகக் கணக்குப் போடுவார்கள். தெரிந்த மூன்று வகை மட்டும்தான் என்றால் வர வேண்டிய எண் 3.04, மூன்றுக்குச் சற்று மேல். கூடுதலாக வந்தால் புதுச் சரக்கு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் மனுஷ புத்தி சும்மா இருக்காது. விரும்பின எண் வருகிற வரை கணக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். கம்ப்யூட்டர் தானாகவே ஒரு எண்ணைக் குலுக்கிப் போட்டு எடுத்து, அதை விடையோடு கலந்துவிடும், அந்த எண் மட்டும் அச்சாகிக் கவருக்குள் போய்விடும். திரையில் தெரிவது கலந்த விடைதான், அதைப் பார்த்து யாரும் ஒன்றும் ஊகிக்க முடியாது. கணக்கில் தப்பு இருக்கிறதா என்று பார்க்கிற எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு கவரைத் திறந்து, கலந்ததைக் கழித்தால் நிஜ விடை.

முதல் கவரை இரண்டு வருஷம் கழித்துத் திறந்தார்கள். கழித்துப் பார்த்தால் 3.44. அறையே எழுந்து குதித்தது. தாடிக்காரர் மெக்கானிக்கின் கையையும் சேர்த்துக் குலுக்கினார். அவள் மட்டும் சுவரோரமாக நின்றாள். அந்த அறையில் அவள் அசையாமல் நின்று மெக்கானிக் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒரு வாரத்தில் சந்தேகம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு கூடுதலாக இருக்குமா என்று எல்லாக் கணக்கையும் பிரித்துப் போட்டுத் தேடினார்கள். தப்பு கிடைத்தது. தொலைநோக்கியின் பார்வை எவ்வளவு மங்கல் என்கிற கணக்கை ஓரிடத்தில் தவறாகப் போட்டிருந்தார்கள். திருத்தினதும் விடை 3.08-க்கு இறங்கியது. பழைய இடம்தான், புதுச் சரக்கு இல்லை. நேர்மையாகத் திருத்தினார்கள் என்று வெளியே பாராட்டுகூட வந்தது.

பம்பரத்துக்குத்தான் ஆறவில்லை. காலையில் அடுப்படியில் நின்றுகொண்டு அக்காவிடம் பொருமுவாள். "முதல்லயே 3.08 வந்திருந்தா தேடியிருப்போமாக்கா? தேடியிருக்க மாட்டோம். டீ குடிச்சுட்டு வீட்டுக்கு வந்திருப்போம். எண்ணைக் கூட்டிக் காட்டுற தப்பைத் தேடிப் புடிச்சோம். குறைச்சுக் காட்டுற தப்பு உள்ள இருந்தா? அதை யார் தேடினா? பிடிச்ச நம்பர் வந்ததும் கையைக் கழுவிட்டோம்."

"எனக்கென்னடி தெரியும்? பால் பொங்குது, தள்ளு."

வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த மெக்கானிக்குக்குப் புரிந்தது. தெர்மாமீட்டர் நாம் எதிர்பார்த்த டிகிரியைக் காட்டினால் எவனும் தெர்மாமீட்டரைச் சந்தேகப்படுவதில்லை. நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. ஒரு எழுத்தும் புரியாதவன் எதற்குச் சொல்ல வேண்டும்?

அடுத்த முறை புது அளவுகள், புதுக் கவர். இந்தத் தடவை விதியை அவளே பலகையில் எழுதினாள்: 'திறப்பதற்கு முன் எத்தனை தடவை வேண்டுமானாலும் தேடலாம். திறந்த பிறகு ஒரு வரியைக்கூடத் தொடக் கூடாது. வந்தது வந்ததுதான்.' எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். கவர் மறுபடியும் மெக்கானிக்கிடம் வந்தது. கேஸ் அழுத்தம் பார்க்கிற மீட்டர்ப் பெட்டியின் மூடிக்குள், பஞ்சுக்கு அடியில், ஐந்து வருஷம் அது இருந்தது.

ஐந்தாவது வருஷம் அவள் நடை மாறியது. பதினொரு எட்டு பதிமூன்றாயிற்று. கீழே படுத்திருந்த மெக்கானிக்தான் அதை முதலில் எண்ணினார். டாக்டர் வயிற்றில் கட்டி என்றார், ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். மேஜையில் ஏறினால் இறங்குவது பாதிக்குப் பாதி என்று அவளிடம் நேராகவே சொல்லிவிட்டார்கள். கவரைத் திறக்க இன்னும் மூன்று சோதனை பாக்கி இருந்தது.

மறுநாள் மத்தியானம் சில்லர் அறைக்கு வந்தாள். வந்தவள் வழக்கம்போல நடக்கவில்லை, பைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தான், அந்தக் கவரைக் குடுங்க."

"எதுக்கு?"

"ஒரே ஒரு தடவை பாத்துட்டு ஒட்டித் தந்துடறேன்."

"யாராவது கேட்டா?"

"யாரு கேக்கப் போறா? எனக்குத் தெரியணும். இருபத்தஞ்சு வருஷம் அத்தான். தெரியாமலே போயிடுவேனோன்னு இருக்கு."

மெக்கானிக்குக்கு இரக்கம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். "முடியாது" என்றார்.

"நான்தானே உங்ககிட்ட குடுத்தேன்!"

"நீ குடுத்ததாலதான் முடியாது. இன்னும் மூணு சோதனை இருக்கில்ல? விடை தெரிஞ்சவ கை அந்த மூணுலயும் எந்தப் பக்கம் சாயும்? உனக்குப் பிடிச்ச நம்பர்னா சோதனையெல்லாம் பாஸ்னு தோணும். பிடிக்காத நம்பர்னா ஒவ்வொண்ணுலயும் ஓட்டை தெரியும். போன தடவை இதைத்தானே அடுப்படியில நின்னு புலம்புனே?"

அவள் அவரையே பார்த்தாள். கம்ப்ரஸர் ஒன்று நின்று, இன்னொன்று ஓடத் தொடங்கியது.

"அத்தான், உங்களுக்கு இதெல்லாம் புரியுதே."

"ஏழு வருஷமாப் புரியாதவன்னு பேர் வாங்கிக் குடுத்தவளே நீதான்."

"நானா? எப்ப?"

அவளுக்கு நினைவே இல்லை. அவர் தினம் ஒரு தடவை மென்று துப்புகிற வார்த்தை, அவள் நடையோடு உதிர்த்துவிட்டுப் போன ஒன்று. எப்படிக் கோபப்படுவது என்றே அவருக்குத் தெரியவில்லை. இடம், ஆள், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தால் சிரிக்கிறாள்.

"அப்படின்னா நீங்க ஏமாத்திட்டீங்க. புரிஞ்சவர்கிட்ட கவர் இருக்கவே கூடாது. விதிப்படி பாத்தா உங்களை மாத்தணும்."

"மாத்து. அடுத்தவன் உனக்குக் குடுத்துடுவான்."

அதற்கு மேல் கவரைக் கேட்காமல் அவள் போனாள். மூன்று சோதனையில் இரண்டை வீட்டிலிருந்து முடித்தாள், ஒன்றை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து. கட்டில் என்பது பேருக்குத்தான். சலைன் பாட்டில் தொங்குகிற கம்பியைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் நடப்பாள், நர்ஸம்மா பின்னாலேயே ஓடுவார். மூன்றும் தேறின. செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டாள். புதன்கிழமை ஆபரேஷன். வெளியூர் போயிருந்த தாடிக்காரர் திரும்பி வந்து கவரைத் திறப்பது வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரி பழத்தை நறுக்கிக்கொண்டிருக்க, பம்பரம் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"வெள்ளிக்கிழமை நீங்களே திறங்க. நீங்களே வாசிங்க. என்ன நம்பர் வந்தாலும் ஒரு வரியைக்கூட யாரையும் தொட விடாதீங்க. கீபோர்டுக்கு முன்னாடி போய் உக்காந்துக்குங்க."

"தாடிக்காரர் கேட்டா?"

"விடாதீங்க. நானே எழுந்து வந்து கேட்டாலும் விடாதீங்க. சத்தியம் பண்ணுங்க."

"சத்தியமெல்லாம் எதுக்கு? சரின்னா சரி" என்றார் அவர்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். வெள்ளிக்கிழமை காலை மெக்கானிக் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மீட்டர்ப் பெட்டியோடு மூன்றாம் மாடிக்குப் போனார். பலகையில் 3.62 என்று எழுதியிருந்தது, அதுதான் கலந்த விடை. கவரைக் கிழித்துக் காகிதத்தை விரித்தார்.

"கூட்டியது, பூஜ்யம் புள்ளி நாலு மூணு" என்று வாசித்தார்.

தாடிக்காரர் பலகையில் கழித்தார். 3.19.

யாரும் குதிக்கவில்லை, யாரும் சோர்ந்தும் போகவில்லை. அந்த எண் அப்படிப்பட்டது. இருக்க வேண்டியதற்குச் சற்று மேலே. புதுத் துகள் என்று அடித்துச் சொல்லப் போதாது, இருபது தடவை அளந்தால் ஒரு தடவை சும்மாவே இப்படி வரும். இல்லை என்று விட்டுவிடவும் மனசு வராது. ஒருவன் நகம் கடித்தான். தாடிக்காரர் பலகையைப் பார்த்தபடியே, "அந்த மங்கல் கணக்கை மட்டும் ஒரு தடவை..." என்று ஆரம்பித்தார்.

மெக்கானிக் நாற்காலியை இழுத்துக் கீபோர்டுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"சார், கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"சும்மா பாக்கத்தான்."

"சும்மா பாக்கத்தான் அவளும் கேட்டா. நான் குடுக்கல."

அன்று சாயங்காலம் வரை அவர் எழுந்திருக்கவில்லை என்று இப்போதும் மூன்றாம் மாடியில் சொல்கிறார்கள். அது மிகை, ஒன்றரை மணி நேரம்தான். அதற்குள் எல்லாரும் வெட்கப்பட்டுக் கலைந்துவிட்டார்கள். கட்டுரை அந்த எண்ணோடேதான் வெளிவந்தது: விடை 3.19, புதுத் துகள் இருந்தால் இவ்வளவுக்கு மேல் இருக்க முடியாது என்கிற வரம்போடு. முதல் பேர் அவளுடையது, பேரைச் சுற்றிக் கறுப்புக் கட்டம். கடைசிப் பக்கத்தில், கவரைக் காத்தவருக்கு நன்றி என்று ஒரு வரி. வேறொரு தொலைநோக்கிக்காரர்கள் இப்போது புதிதாக அளந்துகொண்டிருக்கிறார்களாம். 3.19 நிற்குமா விழுமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கண் திறந்திருந்தாள். போர்வைக்கடியில் பாதம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. காய்ச்சல் தொடங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் காய்ச்சல்தான் அவளைக் கொண்டுபோகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"3.19."

பாதம் நின்றது. அவள் உதடு அசைந்தது, கணக்குப் போட்டாள். மறுபடி பாதம் ஆடத் தொடங்கியது, முன்னைவிட வேகமாக.

"யாரும் தொடலியே?"

"தொட விடல. கீபோர்டுக்கு முன்னாடியே உக்காந்திருந்தேன்."

"நல்லது" என்றாள். கண்ணை மூடினாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து அவர் எழுந்தபோது, சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். பிடியில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"அத்தான், அந்த மூணாவது சோதனை. இங்க படுத்துக்கிட்டு, மாத்திரை மயக்கத்துல பண்ணுனது. எங்கயோ ஒரு எண்ணைத் தப்பாப் போட்டுட்டேனோன்னு இருக்கு. அவங்க யார்கிட்டயும் சொல்ல வேணாம். நீங்க போய் என் மெஷினைத் திறந்து, ஒரே ஒரு தடவை அதை மறுபடி ஓட விடுங்க."

மெக்கானிக் நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு, காலையில் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தார்.